கரிசலை வெளுத்த போன்

எங்கள் வீட்டு விசேஷப் படங்கள் எதிலும் நான் இருக்கமாட்டேன். அக்கா கல்யாணம், வளைகாப்பு, வீட்டுப் பால்காய்ப்பு என்று எல்லாவற்றையும் போனில் எடுத்தவன் நான்தான். அங்கே நானும் இருந்தேன் என்பதற்குச் சாட்சி, தரையில் விழுந்திருக்கும் என் நிழல் மட்டுமே. இது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கலைஞன் தன் படத்துக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும் என்றெல்லாம் டீக்கடையில் பேசிக்கொண்டு திரிந்தேன். அக்கா மகளுக்குக் காது குத்த நாள் குறித்ததும் அந்தப் பெருமைக்கு வினை வந்தது.

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் மண்டப வாசலில் ஃப்ளெக்ஸ் வைக்காமல் முடியாது. நடுவில் பிள்ளை. ஒரு பக்கம் அப்பாவைப் பெற்றவர்கள், சித்தப்பாமார். இன்னொரு பக்கம் தாய்மாமன். பிள்ளை உட்காருவது மாமன் மடியில் என்பதால் மாமனுக்கு மட்டும் தனி இடம், தனி வட்டம், வட்டத்தைச் சுற்றிப் பூ வேலைப்பாடு. கம்மலை எங்கள் அப்பா வாங்கிவிட்டார். என் பங்குக்கு வேண்டியது மடியும் முகமும்தான். மடி இருந்தது. முகத்துக்குத்தான் படம் இல்லை.

குளத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கும் அக்கா போன் பண்ணினாள்.

"ஏலே, ஃப்ளெக்ஸுக்கு உன் படம் ஒண்ணு அனுப்பு. மூஞ்சி தெரியுதாப்ல."

போனைத் துழாவினேன். காற்றாலையின் மூன்று கைகளுக்கு நடுவே அஸ்தமனம். டீ கிளாஸின் ஆவி. மழைக்கு ஒதுங்கிய ஆட்டுக்குட்டிகள். பஸ் ஜன்னலில் வழியும் தண்ணீர். நான் எங்கேயும் இல்லை.

"பரீட்சை ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த படம்தான்க்கா இருக்கு."

"அதைப் போட்டா, மாமனைக் காணலை, கண்டவங்க சொல்லுங்கன்னு போட்ட மாதிரி இருக்கும். வேற எடு."

பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "இங்கன இவிய எல்லாரும் உப்பளத்துல நின்னு எடுத்திருக்காவ. கூலிங் கிளாஸ் வேற. சினிமா போஸ்டர் கெணக்கா இருக்கு. மாமாகிட்ட உன்னையப் பத்தி நான் எவ்வளவோ சொல்லி வச்சிருக்கேன்லே. என் தம்பி படம் எடுத்தா ஊரே நின்னு பாக்கும்னு. அதைக் கொஞ்சம் காப்பாத்து."

மாமா என்று அவள் சொன்னது அவளுடைய மாமனாரை. என்னை எங்கே பார்த்தாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "என்ன மருமவனே, இன்னும் ஆட்டுக்குட்டியத்தான் படம் புடிக்கியா?" டிகிரி முடித்துவிட்டுப் பரீட்சை பரீட்சையாக எழுதிக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு இந்தக் கேள்வியின் உள்ளர்த்தம் நன்றாகவே புரியும். அக்கா அந்த வீட்டில் எனக்காகத் தினமும் வாதாடிக்கொண்டிருந்தாள். இப்போது அந்த வழக்குக்கு ஆதாரம் கேட்கிறாள்.

ஸ்டூடியோவுக்குப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. சமையல்காரன் வீட்டு விசேஷத்துக்கு ஓட்டலில் சாப்பாடு சொன்ன கதையாகிவிடும். எனவே கூட்டாளியிடம் போனேன்.

அவனுடைய வாப்பா கோவில்பட்டி பஜாரில் போன் கடை வைத்திருக்கிறார். அவன் பள்ளிக்கூடத்திலிருந்து என்னோடு படித்தவன், இப்போது கடையில் உட்காருகிறான். எங்கள் இருவருக்கும் நெடுநாளாக ஒரு சண்டை உண்டு. படம் நன்றாக வருவது கேமராவாலா, எடுப்பவனாலா? போன் விற்கிறவன் என்ன சொல்வான்? கேமராதான் என்றான். புது போன் வாங்க வழியில்லாதவன் என்ன சொல்வான்? கண்ணுதான் என்றேன். என்னுடையது பழைய போன். திரையில் விரிசல். சாவியோடு ஒரே பையில் கிடந்து கிடந்து பின்பக்கக் கேமராக் கண்ணாடியில் ஒரு கீறல். அதை எனக்கு விற்றவனும் அவன்தான்.

"கடலை மிட்டாயையே எடுத்துக்கோ," என்பேன் நான். "எல்லாக் கடையிலயும் அதே கடலை, அதே வெல்லம். ஒரு கடையில மட்டும் ஏன் கூட்டம் நிக்குது? கைப்பக்குவம்லே."

"அந்தக் கடைக்காரர் எந்தக் காட்டுக் கடலைய வாங்குதாருன்னு போய்க் கேளு. சொத்தைக் கடலைய வச்சு உன் பக்குவத்தைக் காட்டு பாப்போம்."

"சட்டி நல்லாருந்தா குழம்பு தானா நல்லாருக்குமா?"

"சட்டியே இல்லாம குழம்பு வைப்பியா மாப்ள? அடுப்புல நேரா ஊத்துவியா?"

டீக்கடை அண்ணாச்சிக்கு இந்தச் சண்டை மனப்பாடம். குழம்பு வரும் கட்டத்தில் அடுத்த டீயை ஆற்ற ஆரம்பித்துவிடுவார்.

மாமன் படம் எடுக்க வேண்டும் என்றதும் கூட்டாளி தன் பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேசைமேல் வைத்தான். கடைக்குப் புதிதாக வந்ததில் தனக்கென்று வைத்துக்கொண்டது. முதுகில் இட்லிச் சட்டிக் குழிகள் மாதிரி வட்ட வட்டமாகக் கண்கள். "நீ நிக்க மட்டும் செய். மிச்சத்தை இது பாத்துக்கிடும்," என்றான்.

"நிக்குற இடத்தை நான் சொல்லுவேன். வெயில் எந்தப் பக்கம்னு நான் சொல்லுவேன். நீ அமுக்க மட்டும் செய்," என்றேன் நான்.

அதாவது ஒரே படத்தில் இரண்டு பேரும் சண்டையை முடித்துவிடலாம் என்று கிளம்பினோம்.

இடம் புதூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் காடு. உப்பளத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கரிசல்தான் சொல்ல வேண்டும் என்பது என் கணக்கு. முதல் மழை விழுந்து, உளுந்து விதைத்து, மண் ஈரத்தோடு கன்னங்கரேலென்று கிடந்தது. அதில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒரு மாமன். கற்பனையிலேயே எனக்குப் புல்லரித்தது. நிற்க வேண்டிய இடத்தில் குச்சியால் ஒரு கோடு போட்டேன். கூட்டாளி நிற்க வேண்டிய இடத்திலும் ஒரு கோடு போட்டேன். கை இப்படி, மூக்கு அந்தப் பக்கம் என்று என்னை நானே நிறுத்திக்கொண்டு, "இப்பம்" என்றேன். அவன் அமுக்கினான். உச்சி வெயிலில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் முகம்தான் தெரிந்தது. "புது போன்லே, தப்பாவா வரும்," என்று அவன் அங்கிருந்தே படத்தை எனக்கு அனுப்ப, நானும் பார்க்காமலே எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு வண்டியில் ஏறினேன்.

டீக்கடையில் இறங்கும்போது அக்கா போன் பண்ணிவிட்டாள். அவள் பேசுவதற்கு முன்னால் பின்னணியில் மாமனார் குரல் கேட்டது.

"எந்தச் சுடுகாட்டுல வச்சு எடுத்தானாம்?"

நிழலில் வைத்து அப்போதுதான் படத்தைப் பார்த்தேன். மண் சாம்பல் நிறத்தில் இருந்தது. கரிசல் என்று கோயிலில் சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டார்கள். என் முகம் கோலமாவு டப்பாவுக்குள் விழுந்து எழுந்தவன் முகமாக இருந்தது. சாம்பல் தரை, வெள்ளை வேட்டி, நான் கலைநயத்தோடு தொங்கவிட்டிருந்த கைகள், தூரத்தைப் பார்க்கும் சோகக் கண்கள். கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொன்னதை மறந்து நின்றுவிட்ட ஒருவனின் படம் அது. காதுகுத்துக்கு.

போன்களின் இந்தக் குணம் எனக்குத் தெரியாததல்ல. எதிரே இருட்டாக எதைக் கண்டாலும், ஐயோ பாவம் வெளிச்சம் போதவில்லை என்று அதுவே இரக்கப்பட்டு வெளுத்துவிடும். கண்கூசும் வெள்ளையைக் கண்டால் மங்க வைக்கும். கறுப்பு கறுப்பாகவே இருக்க ஆசைப்படும் என்பது அதன் மூளைக்கு எட்டாது. போன் எவ்வளவு புதிதோ அவ்வளவு இரக்கம். கரிசல் காட்டையும் என் நிறத்தையும் ஒரே சோப்பில் போட்டு வெளுத்திருந்தது.

"அக்கா, அது வந்து, வெளிச்சம்..."

"வெளிச்சத்தை விடு. நாளைக்குச் சாயங்காலம் ஃப்ளெக்ஸ் அடிக்கக் குடுக்காவ. மாமா என்ன சொல்லுதாவ தெரியுமா? உன் தம்பி படம் வரலைன்னா அந்த வட்டத்துல ரோஜாப்பூ போட்டுக்கிடலாமாம்."

ரோஜாப்பூ. அக்கா அதைச் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். மண்டபத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு பக்கம் உப்பளத்து வீரர்களையும் இன்னொரு பக்கம் ஒரு ரோஜாப்பூவையும் பார்த்துவிட்டு, "மாமன் இல்லையோ?" என்று அவளிடம் கேட்பார்கள். அவள் பதில் சொல்லிக்கொண்டே பாயசம் பரிமாற வேண்டும்.

"பார்த்தியா, கேமராவோட லட்சணத்தை," என்றேன் கூட்டாளியிடம்.

"இடம் யாரு சொன்னது? வேட்டி யாரு கட்டுனது? பொணம் மாதிரி மூஞ்சிய வச்சது யாரு? போனா?"

அண்ணாச்சி டீயை ஆற்ற ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் மறுபடியும் காட்டுக்குப் போனோம். ராத்திரி நல்ல மழை. கரிசல் மழையைக் குடித்திருந்தால் அதில் கால் வைப்பது ஒரு ஒப்பந்தம். நாம் ஒரு அடி வைத்தால் அது ஒரு கைப்பிடி ஏறும். பத்தடி போவதற்குள் செருப்புக்கடியில் இன்னொரு செருப்பு, அதற்கடியில் இன்னொன்று என்று வளர்ந்து, நமக்கே கொஞ்சம் உயரமாகிவிட்ட பிரமை வரும். கூட்டாளி பஜாரிலேயே வளர்ந்தவன். வரப்பைவிட்டு இறங்கமாட்டேன் என்று அங்கேயே நின்றான். வானத்தில் பாதிக்கு வெள்ளை மேகம் குவிந்து நின்றது.

"திரையில என் மூஞ்சியத் தொடு. பக்கத்துல ஒரு சூரியன் வரும். அதைக் கீழ இழு, வெளிச்சம் குறையும்," என்று கத்தினேன்.

"இழுத்துட்டேன்."

"மண்ணு கறுப்பாத் தெரியுதா?"

"தெரியுது. எடுக்கட்டா?"

எடுத்தான். குனிந்து பார்த்தான். "மாப்ள, எடுக்கும்போது கறுப்பாத்தான் இருந்துச்சு. எடுத்து முடிச்சதும் அதுவா யோசிச்சு வெளுத்துட்டு."

மறுபடி. மறுபடி. ஒவ்வொரு தடவையும் அந்த போன் பணிவாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் தன் இஷ்டப்படி செய்தது. எங்கள் வீட்டு மாப்பிள்ளைகள் மாதிரி.

பொறுமை போய்விட்டது. யார் தலையீடும் வேண்டாம், போனைத் தானாக எடுக்க வைத்துவிடலாம், முடிந்தால் உள்ளே புகுந்து அதன் மூளையை அணைக்கலாம் என்று அதை வாங்கினேன். என் பழைய போனைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லி அவனிடம் கொடுத்தேன். வரப்பில் பெரிய மண்கட்டி ஒன்றைத் தேர்ந்து, அதில் போனைச் சாய்த்து, டைமரை வைத்துவிட்டு ஓடினேன். கோட்டுக்குப் போய்த் திரும்பும்போது மண்கட்டி மெதுவாக, ஒரு பெரியவர் உட்காருவதைப்போல், தன் இடத்தில் உட்கார்ந்தது. போன் முகம் வானத்தைப் பார்க்க, கண்கள் மண்ணைப் பார்க்க, மல்லாந்து பதிந்தது.

"லே, போன்லே, என் போன்லே," என்று கூட்டாளி வரப்பில் தவித்தான்.

தோண்டி எடுத்தான். உயிர் இருந்தது. ஆனால் அத்தனை கண்களிலும் கரிசல் அப்பியிருந்தது. ஈரக் கரிசலைத் துணியால் துடைத்தால் போகாது, பரவும். அவன் அதைச் சட்டையால் துடைத்தான். இப்போது சட்டையும் போயிற்று.

"எந்தக் கண்ணால பாத்தாலும் இப்பம் கறுப்பாத்தான்லே தெரியும்," என்றேன்.

அவன் முறைத்தான். அந்த முறைப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனிடம் போக ஓரடி எடுத்து வைத்தேன். வலது கால் வந்தது, செருப்பு வரவில்லை. ஒற்றைக்காலில் நின்றுகொண்டு கைகளை இரண்டு பக்கமும் விரித்து, வெறுங்காலைத் தூக்கிக்கொண்டு, விழவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். வேட்டி முழங்காலுக்கு மேல் மடிந்து கிடந்தது. பழிவாங்குவதற்கென்றே கூட்டாளி தன் பையிலிருந்த என் பழைய போனை எடுத்து ஒரு படம் எடுத்தான். "இதை உங்க குழுவுல போடுதேன் பாரு. சுடுகாட்டுல இருந்து எந்திரிச்சு ஆடுதான்னு."

வரப்பில் உட்கார்ந்து இருவரும் அதைப் பார்த்தோம்.

மண் கறுப்பாக இருந்தது. எங்கள் காட்டு மண் எவ்வளவு கறுப்போ அவ்வளவு. நானும் அப்படியே என் நிறத்தில் இருந்தேன், பல் மட்டும் வெள்ளை. மேகம் பாதிப் படத்தை அடைத்து நின்றதால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் போன் எல்லாவற்றையும் மங்க வைத்திருந்தது. எடுத்த பின் உட்கார்ந்து யோசித்து வெளுக்கும் அளவுக்கு அந்தக் கிழட்டு போனுக்கு அறிவும் கிடையாது. கண்ணாடியிலிருந்த கீறல் மேகத்தின் வெளிச்சத்தை ஒரு கோடாக இழுத்து என் தலைக்கு மேலே வைத்திருந்தது.

"பாத்தியா," என்றான் கூட்டாளி. குரல் மாறியிருந்தது. "சரியா அந்த நிமிஷத்துல அமுக்கினேன் பாரு. முன்னாடி பின்னாடி போயிருந்தா இந்தச் சிரிப்பு கிடைக்குமா? கண்ணு வேணும் மாப்ள. கைப்பக்குவம்."

"கிழிச்ச. என் போன்லே அது. அந்தக் கீறல் எங்க வருது பாரு. உன் புது போன்ல எடுத்திருந்தா இப்பவும் சாம்பல்தான். கேமராலே, கேமரா."

சொல்லி முடித்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருஷச் சண்டையில் இருவரும் வீடு மாறி உட்கார்ந்திருந்தோம். திரும்பிப் போகவும் வழியில்லை. பழைய கட்சிக்கே திரும்பினால் படம் எதிராளியுடையதாகிவிடும்.

ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. இதை எப்படி ஃப்ளெக்ஸில் போடுவது? ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, சேறும் சகதியுமாக, வேட்டி முழங்காலுக்கு மேல் நிற்கிறவனா மாமன்? எதிரே கூலிங் கிளாஸ் போட்டு மூன்று பேர். தலையை மட்டும் வெட்டிப் பார்த்தேன். பல்வலிக்காரன் மாதிரி இருந்தது. முழுதாக வைத்தால்தான் அந்தச் சிரிப்புக்குக் காரணம் தெரிந்தது. மேகம் கலைந்துவிட்டது, மீண்டும் எடுக்க வழியில்லை. இதுவா, ரோஜாப்பூவா?

முழுப்படத்தையும் அனுப்பினேன், அக்காவுக்கு மட்டும். பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. பதில் இல்லை. மத்தியானம் சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. சாயங்காலம் ஒரு வார்த்தை வந்தது: "சரி." அக்கா சரி என்று சொல்வதில் பல வகை உண்டு. எழுத்தில் வந்தால் எந்த வகை என்று கண்டுபிடிக்க முடியாது.

காதுகுத்து அன்று, மண்டபம் இருந்த கழுகுமலையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும், கூட்டாளியை முன்னால் விட்டு நான் பின்னால் நடந்தேன். மண்டப வாசலில் ஃப்ளெக்ஸ் ஆளுயரத்துக்கு மேல் நின்றது. அதன் முன்னால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அக்காவின் மாமனார். பக்கத்தில் இடுப்பில் பிள்ளையோடு அக்கா. பிள்ளைக்கு அப்போதுதான் மொட்டை போட்டு, சந்தனம் தடவியிருந்தார்கள்.

வட்டத்துக்குள் ரோஜாப்பூ இல்லை. நான் இருந்தேன், தூக்கிய காலோடு.

பிள்ளைதான் என்னை முதலில் பார்த்தாள். ஃப்ளெக்ஸைக் காட்டி "மாமா" என்றாள். பிறகு என்னைக் காட்டி "மாமா" என்றாள். பிறகு அக்கா இடுப்பில் இருந்தபடியே ஒரு காலைத் தூக்கிக் காட்டினாள்.

மாமனார் திரும்பவில்லை. "மண்ணு மண்ணாட்டம் இருக்கு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆளும் ஆளாட்டம்தான் இருக்கான்."

பிறகு அவர் கண் அந்தப் பக்கம் போனது. தன் பிள்ளைகள் நிற்கும் உப்பளம். அதையும் புது போனில்தான் எடுத்திருப்பார்கள். கண்கூசும் வெள்ளையைக் கண்டு பயந்து அது வழக்கம்போல் அமுக்கிவிட்டிருந்தது. குவியல் குவியலாக அழுக்கு நிறத்தில் உப்பு. சிமெண்ட் குடோன் வாசலில் கூலிங் கிளாஸ் போட்டு நின்ற மாதிரி இருந்தார்கள்.

"ஏன் மருமவனே, எங்க உப்பு மட்டும் ஏன் இப்பிடி இருக்கு?"

"போன் மங்க வச்சிருக்கு மாமா. வெள்ளை அதுக்கு ஆகாது."

"ஆகாதா? எங்களுக்குச் சோறு போடுறதே அந்த வெள்ளைதானப்பா." அவர் தாடையைத் தடவிக்கொண்டார். "உப்பு வாரும்போது சொல்லி விடுதேன். குளத்தூருக்கு வா. வந்து உப்பு உப்பாத் தெரியுதாப்ல ஒண்ணு எடுத்துக் குடு. நம்ம உப்புக் கடையில மாட்டணும். ஆட்டுக்குட்டி எங்கயும் ஓடிறாது."

அக்கா சேலைத் தலைப்பால் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். பிள்ளையின் வாயில் ஒன்றுமே இல்லை. "நான்தான் அப்பமே சொன்னேம்லா மாமா," என்றாள், ரொம்பச் சாதாரணமாக. சரி என்று அவள் எழுதியது எந்த வகை என்று எனக்கு அப்போது தெரிந்தது.

கூட்டாளி என் காதருகே வந்தான். "உப்பளத்துக்கு எந்தப் போன்? புதுசா, பழசா?"

"பேசாம வாலே."

உள்ளே கூப்பிட்டார்கள். பாயில் உட்கார்ந்தேன், பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். ஒரு கை அவள் நெற்றியில், ஒரு கை அவள் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்திருந்தது. ஆசாரி கம்மலின் முனையை எண்ணெயில் தொட்டார். எனக்கு மூன்றாவது கை இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்க்கத் தலையைக்கூடத் திருப்ப முடியவில்லை. எதிரே கூட்டாளி இரண்டு கையிலும் இரண்டு போனைப் பிடித்துக்கொண்டு, "எதுல எடுக்கன்னு சொல்லு, எதுல எடுக்கன்னு சொல்லு," என்று கேட்டுக்கொண்டே நின்றான். நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை திறந்துவிட்டாள்.

அந்தப் படம் இப்போது அக்காவின் வாட்ஸ்அப் முகப்பில் இருக்கிறது. பிள்ளையின் வாய் படத்தில் பாதி. ஆசாரியின் முழங்கை கால்வாசி. மிச்சத்தில் நான், அவளுக்கும் சேர்த்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. கொஞ்சம் ஆடியும் இருக்கிறது.

எந்தப் போனில் எடுத்தது என்று கூட்டாளியிடம் நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் டீக்கடையில் எங்களுக்குப் பேச ஒன்றும் இருக்காது.